போஸ் கொடுத்த படம் ஆவணம் ஆகுமா?

நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது: "1980களில் நியூயார்க்கில் எடுத்த ஹிப் ஹாப் படங்களைப் பார்த்தேன். பாதிப் பேர் கேமராவைப் பார்த்து விறைப்பாக நிற்கிறார்கள். ரயில் படங்கள் பேனர் மாதிரி தட்டையாக இருக்கின்றன. இதையெல்லாம் எப்படி ஆவணப் புகைப்படம் என்கிறார்கள்? யார் எடுத்தார்கள், எப்படி எடுத்தார்கள்?"

சந்தேகம் நியாயமானதுதான். ஆவணப் படம் என்றால் ஆளுக்குத் தெரியாமல், இயல்பாக இருக்கும்போது டக்கென்று எடுப்பது என்று நமக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் நீங்கள் பார்த்ததில் முக்கால்வாசி தேறாது. ஆனால் அந்தப் பிள்ளைகள் அன்று செய்துகொண்டிருந்த காரியம் என்ன என்று யோசித்துப் பாருங்கள். யாரும் எட்டிப்பார்க்காத பேட்டையிலிருந்து தன் பெயரை ரயிலில் எழுதி ஊர் முழுக்க ஓடவிட்டார்கள். அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்து நடுத்தெருவில் ஆடினார்கள். பேண்ட்டுக்கு மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டு, ஷூவில் பட்டை லேஸ் கோத்து, நாலு பேர் பார்க்கும்படி நின்றார்கள். ராப் பாட்டு, ஆட்டம், ரயிலெழுத்து எல்லாம் சேர்ந்ததுதான் ஹிப் ஹாப். கண்ணில் படுவதுதான் அவர்கள் கலையே. கேமரா முன்னால் விறைப்பாக நிற்பதும் அதில் சேர்த்திதான். அந்தப் போஸைக் கழித்துவிட்டால் படத்தில் தகவல் என்று ஒன்றும் மிஞ்சாது.

சரி, ஆரம்பத்திலிருந்து வருகிறேன். ஆரம்பத்தில் இருப்பது ஒரு பெரிய ஓட்டை.

1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி, 1520 செட்விக் அவென்யூ. சிண்டி கேம்பல் என்ற பெண், பள்ளி திறப்பதற்குள் புதுத் துணி வாங்கக் காசு வேண்டுமென்று, தான் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில் ஒரு பார்ட்டி வைத்தார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். பாட்டுப் போட்டவர் அண்ணன் கிளைவ், அதாவது டிஜே கூல் ஹெர்க். ஹிப் ஹாப்பின் பிறந்தநாள் என்று இன்றைக்குக் கொண்டாடுவது இந்த நாளைத்தான். ஆனால் அதற்கடுத்த நாலைந்து வருடங்களுக்குப் படங்கள் மிகக் குறைவு. பிலிம் ரோலுக்கு ஒரு காசு, கழுவ ஒரு காசு, பிரிண்ட்டுக்கு ஒரு காசு. வீட்டில் கேமரா இருந்தாலும் பிறந்தநாளுக்கும் கல்யாணத்துக்கும்தான் வெளியே வரும். பார்ட்டி நடந்த இடங்களோ இருட்டு. பிளாஷ் இல்லாமல் ஒன்றும் விழாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சனிக்கிழமை ராத்திரி ஆட்டத்தை வரலாறு என்று யார் நினைத்தார்கள்? அந்தக் காலத்துக்கு இன்று நமக்கு உள்ள நல்ல சாட்சி, ஃபேஸ் 2, பட்டி எஸ்கொயர் போன்றவர்கள் கையால் வரைந்த பார்ட்டி நோட்டீஸ்கள். யார் பாட்டுப் போடுகிறார், எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு கட்டணம் என்று எல்லாம் அதில் இருக்கும். படம்தான் பெரும்பாலும் இருக்காது.

ரயிலெழுத்துக்கு மட்டும் கொஞ்சம் முன்னதாகவே ஆள் கிடைத்தது. 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ், ஊரெல்லாம் 'டாக்கி 183' என்று கிறுக்கிவைப்பது யார் என்று தேடிப்போய் ஒரு கட்டுரை போட்டது. அடுத்த ஓரிரு வருடத்தில் ஜான் நார் என்ற புகைப்படக்காரர் சுவர்களையும் ரயில்களையும் கலரில் எடுத்தார். நார்மன் மெய்லரின் எழுத்தோடு 1974இல் அது புத்தகமாகவும் வந்தது. நல்ல படங்கள். ஆனால் எழுதியவர்களோடு வருடக்கணக்கில் பழகி எடுத்தவை என்று சொல்ல முடியாது. அந்தப் பழக்கம் மார்த்தா கூப்பர் காலத்தில்தான் தொடங்குகிறது. இவரைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூப்பர் பால்டிமோர்க்காரர். அப்பா கேமராக் கடை வைத்திருந்தார். பீஸ் கார்ப்ஸ் என்ற அமெரிக்கத் தன்னார்வச் சேவை அமைப்பில் சேர்ந்து தாய்லாந்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார். அங்கிருந்து மோட்டார் சைக்கிளிலேயே லண்டன் போய்ச் சேர்ந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் மானிடவியல் படித்தார். 1977இல் நியூயார்க் போஸ்ட் பத்திரிகையில் ஊழியப் புகைப்படக்காரர் ஆனார். பகலெல்லாம் விபத்து, பிரமுகர் வருகை, மழை வெயில் என்று பத்திரிகைக்கு ஓடுவார். திரும்பும் வழியில், ரோலில் மிச்சம் இருக்கிற பிரேம்களைத் தீர்ப்பதற்காகக் மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடு தெருக்களில் விளையாடும் பிள்ளைகளை எடுப்பார். பிலிமில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். 36இல் 29 எடுத்திருப்போம். மீதி ஏழு பிரேமை வீணாக்கவும் மனசு வராது, அடுத்த நாளைக்குக் கேமராவிலேயே வைத்திருக்கவும் முடியாது. ஒரு பெரிய ஆவணத்தின் ஆரம்பம் இந்த மிச்ச ஏழு பிரேமில் இருக்கிறது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

அப்படி எடுத்த பையன்களில் ஒருவன் தன் நோட்டுப்புத்தகத்தைத் திறந்து காட்டினான். ரயிலில் தினம் பார்க்கும் கிறுக்கல் உண்மையில் ஒவ்வொருவர் வைத்துக்கொண்ட பெயர் என்பதும், அது முதலில் காகிதத்தில் வரைந்து பழகிய வடிவம் என்பதும் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ஒரு 'கிங்'கை (ரயிலெழுத்தில் கைதேர்ந்த பெரிய ஆளை) அறிமுகப்படுத்தட்டுமா என்று அந்தப் பையனே கேட்டான். அந்த கிங், ப்ரூக்ளினின் டோண்டி. கூப்பர் யாரென்று டோண்டிக்கு முன்பே தெரியும். போஸ்ட்டில் வந்த கூப்பரின் படம் ஒன்றில் பின்னணியில் டோண்டியின் எழுத்து விழுந்திருந்தது. அதைக் கத்தரித்துத் டோண்டி தன் பிளாக் புக்கில் (எழுத்து வரைந்து பழகும் நோட்டில்) ஒட்டிவைத்திருந்தார்.

1980இல் டோண்டியும் கூட்டாளிகளும் நியூ லாட்ஸ் ரயில் யார்டுக்குள் ராத்திரி நுழைந்து ஒரு முழுப் பெட்டியை வரைந்தபோது கூப்பரும் கூடவே போனார். நிறுத்திவைத்த இரண்டு ரயில்களுக்கு நடுவே, ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம் வைத்து அந்தரத்தில் நின்றபடி டோண்டி ஸ்பிரே அடிக்கும் படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். அத்துமீறி நுழைந்தது சட்டப்படி குற்றம், கூப்பருக்கும் சேர்த்துத்தான். அந்த நெகட்டிவ் போலீஸ் கையில் கிடைத்தால் சாட்சியம். இது தெரிந்தே ஒருவர் கேமராவைக் கொண்டுவர, இன்னொருவர் அதற்கு முன்னால் வேலை செய்கிறார். அந்த நம்பிக்கை கைகூடவே எத்தனையோ மாதப் பழக்கம் தேவைப்பட்டது.

பகலில் கூப்பர் செய்தது அதைவிடப் பொறுமையான வேலை. பிராங்ஸில் இடிந்து காலியான மனைகளில் நின்றுகொண்டு, மேம்பாலத்தில் வரும் ரயிலுக்காக மணிக்கணக்கில் காத்திருந்தார். அன்றைக்குப் புதிதாக வரைந்த பெட்டி எந்த ரயிலில் கோத்திருக்கிறது, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அவர் போட்டது கோடாக்ரோம் ஸ்லைடு. ஐ.எஸ்.ஓ. 64 வேகம்தான், அதாவது நிறைய வெளிச்சம் கேட்கும் பிலிம். நல்ல வெயில் இருந்தால் லென்ஸ் திறப்பை எஃப் 5.6 வைத்து 1/500 நொடி ஷட்டர் வேகம் கிடைக்கும். ஓடுகிற ரயிலைப் பிடிக்க அதுவே போதும் போதாததுதான். ஒரு மேகம் குறுக்கே வந்தால் அன்றைய காத்திருப்பு வீண். கோடாக்ரோமில் ஒரு லாபமும் உண்டு. இருட்டில் பத்திரமாக வைத்தால் பல பத்து வருடம் நிறம் மங்காது. அந்தச் சிவப்பும் மஞ்சளும் இன்றும் பளிச்சென்று இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இன்னொன்றையும் அந்தப் படங்களில் கவனியுங்கள். ரயில் முழுசாக, தடையில்லாமல் தெரிகிறது. நடுவில் வீடு இல்லை, மரம் இல்லை. 1970களில் தெற்கு பிராங்ஸ் தெருத்தெருவாக எரிந்து இடிந்தது. சில பகுதிகளில் பத்து வருடத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் கட்டடங்கள் காணாமல் போயின. குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள் போனதால்தான் கூப்பருக்கு அந்தக் கோணம் கிடைத்தது. அவர் பார்வை வர்ணத்தில் இருந்தாலும், படத்தின் கீழ்ப்பாதியில் கிடக்கும் செங்கல் குவியல் தன் கதையைத் தானே சொல்லிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் 'தட்டை' என்று சொன்ன படங்கள் ஹென்றி சால்ஃபன்ட்டுடையவை. அந்தத் தட்டை வேண்டுமென்றே வரவழைத்தது. சால்ஃபன்ட் ஒரு சிற்பி. கல்லூரியில் பண்டைய கிரேக்கம் படித்தவர். 1970களின் நடுவிலிருந்து ரயில்களை எடுக்க ஆரம்பித்தார். ஒரு பெட்டி சுமார் 15 மீட்டர் நீளம். எதிர் பிளாட்பாரத்திலிருந்து ஒரே படத்தில் அடக்க வைட் லென்ஸ் போட்டால் ஓரங்கள் இழுபட்டு எழுத்தின் வடிவமே கெட்டுவிடும். அதனால் சாதாரண லென்ஸ், பிலிமைத் தானாக நகர்த்தும் மோட்டார் டிரைவ். ரயில் வந்து நிற்கும் அந்தச் சில நொடிகளில், பிளாட்பாரத்தில் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே, ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி நாலைந்து படம் எடுப்பார். அதற்குள் இந்தப் பக்கம் இன்னொரு ரயில் வந்து மறைத்துவிட்டால் கதை முடிந்தது. அப்புறம் வீட்டில் பிரிண்ட்டுகளைக் கத்தரித்து ஒட்டி முழுப் பெட்டியாக்குவார். பனோரமா மோடில் போனை நகர்த்துகிற நமக்கு இது சிரிப்பாகக்கூட இருக்கலாம். அந்த ஒட்டுப்படங்களில் ஜன்னல் இடைவெளிகளை வரிசையாகப் பார்த்தால் கத்தரி போட்ட இடம் சில சமயம் தெரியும்.

எழுதியவர்களுக்கு (கிராஃபிட்டி என்பது பத்திரிகைகள் கொடுத்த பெயர்; அவர்கள் தங்களை 'ரைட்டர்' என்றுதான் சொல்லிக்கொண்டார்கள்) இந்த ஒட்டுப்படம் பெரிய வரமாக இருந்தது. இருட்டில், யார்டில், ரயிலிலிருந்து மூன்றடி தள்ளி நின்று வரைந்ததை அவர்களே முழுசாகப் பார்த்தது கிடையாது. ரயில்வே நிர்வாகமும் சும்மா இருக்கவில்லை. ரசாயனக் கரைசல் அடித்துக் கழுவுவதை 'பஃப்' என்பார்கள். ஒரு ராத்திரி முழுக்க உயிரைக் கையில் பிடித்து வரைந்தது சில நாளில் கரைந்துபோகும். அதனால் புதிதாக ஒன்று வரைந்ததும், எந்த லைனில் ஓடுகிறது என்று சால்ஃபன்ட்டுக்குப் போன் போட்டுச் சொல்லத் தொடங்கினார்கள். சோஹோவில் இருந்த அவருடைய ஸ்டுடியோவுக்குப் போய் ஆல்பங்களைப் புரட்டி, யாருடைய எழுத்து எப்படி என்று அலசினார்கள். 1989 மே மாதம், எழுத்துள்ள கடைசி ரயிலையும் ஓட்டத்திலிருந்து எடுத்துவிட்டோம் என்று நிர்வாகம் அறிவித்தது. அந்தக் காலத்துச் சேவை ரயிலில் ஓடிய எழுத்து இன்று நமக்குப் படமாகத்தான் கிடைக்கிறது. அதனால் தட்டையாக, நேராக, அளவு பிசகாமல் எடுத்தது எவ்வளவு நல்ல முடிவு என்று இப்போது தெரிகிறது.

கூப்பரும் சால்ஃபன்ட்டும் முதலில் ஒருவரையொருவர் போட்டியாளராகப் பார்த்தவர்கள்தான். ஒருவருக்கு ஊரோடு சேர்ந்த ரயில் வேண்டும், இன்னொருவருக்கு எழுத்து மட்டும் வேண்டும். பிறகு இரண்டும் சேர்ந்தால்தான் புத்தகம் என்று புரிந்தது. அமெரிக்கப் பதிப்பகங்கள் கைவிரித்தன. பிராங்பர்ட் புத்தகச் சந்தைக்கு எடுத்துப்போய், கடைசியில் லண்டனின் தேம்ஸ் அண்ட் ஹட்ஸன் 1984இல் 'சப்வே ஆர்ட்' என்று வெளியிட்டது. கடைகளில் அதிகம் திருட்டுப்போன புத்தகம் என்று ஒரு பேச்சு உண்டு. அதற்குப் புள்ளிவிவரம் கேட்காதீர்கள். ஆனால் ஐரோப்பாவில் எத்தனையோ பையன்கள் அதன் பக்கங்களைப் பார்த்து எழுத்து எழுத்தாக வரைந்து பழகினார்கள் என்பது உண்மை. இங்கேயும் அந்தத் தட்டைதான் உதவியது. கோணலாக எடுத்த படத்தைப் பார்த்து எழுத்து பழக முடியுமா?

இனி, உங்கள் கேள்வியின் கசப்பான பக்கம். படம் எடுக்கப் போனவர்கள் எடுத்த பொருளையே மாற்றிவிட்டார்களா? ஓரளவு, ஆமாம்.

1980 ஜனவரியில் வாஷிங்டன் ஹைட்ஸ் சப்வே நிலையத்தில் கலவரம் என்று கூப்பரைப் பத்திரிகை அனுப்பியது. போனால், போலீஸ் பிடித்துவைத்திருந்தது ஒரு கூட்டம் சின்னப் பையன்களை. சண்டை போடவில்லை, ஆடிக்கொண்டிருந்தோம் என்று அவர்கள் சாதித்தார்கள். ஆடிக்காட்டு பார்க்கலாம் என்றதும் தரையில் விழுந்து சுழன்று காட்டினார்கள். பிரேக் டான்ஸ் என்று பிறகு உலகம் அறிந்த ஆட்டம் அது. கூப்பர் அதற்கு முன் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. பத்திரிகை படத்தைப் போடவில்லை. கலவரம் இல்லையென்றால் செய்தி ஏது? கூப்பர் விடவில்லை. நடனத்தைப் பற்றி எழுதும் சாலி பேன்ஸைக் கூட்டுச்சேர்த்துக்கொண்டு தேடினார். பையன்கள் அதற்குள் வேறு மோகத்துக்குப் போய்விட்டார்கள், ஆடுகிறவர்களைக் கண்டுபிடிக்கவே நாளானது. கடைசியில் ராக் ஸ்டெடி க்ரூ என்ற ஆட்டக் குழுவைப் பிடித்தார்கள். 1981 ஏப்ரலில் வில்லேஜ் வாய்ஸ் வாரப் பத்திரிகையின் அட்டையில் அந்தக் குழுவின் ஃப்ராஸ்டி ஃப்ரீஸ் அந்தரத்தில் நிற்கும் படத்தோடு கட்டுரை வந்தது. அதே கோடையில் லிங்கன் சென்டர் கலையரங்க வளாகத்தில் இரண்டு கோஷ்டிகளின் போட்டி நடனம், டிவி கேமராக்கள், எல்லாம்.

தெருவில் வட்டமாக நின்று, ஒருவன் நடுவில் போய், எதிராளியைச் சீண்டிவிட்டு வெளியே வருவதுதான் அதன் பழைய அமைப்பு. மேடைக்கு வந்ததும் வட்டம் உடைந்து, எல்லோரும் கூட்டத்தைப் பார்த்து ஆட வேண்டியதாயிற்று. நீளமான, சாகசமான சுழற்சிகளுக்கு மவுசு கூடியது. கூப்பரும் பேன்ஸும் இல்லாவிட்டால் அந்த ஆட்டம் மெல்ல மறைந்தே போயிருக்கலாம் என்று ஒரு கட்சி. அவர்கள் வந்ததால்தான் அது சர்க்கஸ் ஆயிற்று என்று இன்னொரு கட்சி. என்னைக் கேட்டால் முதல் கட்சிப் பக்கம்தான் நிற்பேன், கொஞ்சம் தயக்கத்தோடு.

வெளியாள் வந்து எடுத்தது இப்படி என்றால், உள்ளேயே இருந்தவர் ஜோ கான்சோ. தெற்கு பிராங்ஸ் பையன். பாட்டி எவலினா லோபெஸ் அன்டோனெட்டி, பள்ளிப் பிள்ளைகளின் உரிமைக்காகப் போராடிய பிரபலமான பெண்மணி. அப்பா, பிரபல இசைக்கலைஞர் டிட்டோ புவென்டேயின் நெருங்கிய ஆள். போராட்டம் ஒரு பக்கம், சல்சா இசை ஒரு பக்கம் என்று வளர்ந்த வீடு. அவர் படித்த பள்ளியில்தான் கோல்ட் க்ரஷ் பிரதர்ஸ் என்ற ராப் குழுவைச் சேர்ந்தவர்களும் படித்தார்கள். கூடப் படித்தவர்கள் மேடையேற, இவர் கேமராவோடு கூடவே போனார். மைக் பிடித்த முகத்தை எடுத்த அதே ரோலில், பிராங்ஸைக் கேவலமாகக் காட்டுகிறது என்று ஒரு சினிமாவை எதிர்த்து நடந்த ஊர்வலமும் இருக்கும், பக்கத்து வீட்டுக் குழந்தையும் இருக்கும். கூப்பர் படங்களில் 'அட, இது என்ன!' என்ற வியப்பு தெரியும். கான்சோ படங்களில் அது இல்லை. மேடைக்கு முன்னால் நிற்கும் கூட்டம் கேமராவைக் கண்டுகொள்வதே இல்லை, ஏனென்றால் நம்ம ஜோ. நீங்கள் தேடுகிற 'இயல்பு' வேண்டுமென்றால் இவரிடம் போங்கள்.

அடுத்தது ஜமெல் ஷபாஸ். உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில் இவரிடம்தான் இருக்கிறது, ஏனென்றால் இவர் எடுத்ததில் பெரும்பாலானவை போஸ் படங்கள். 1960இல் ப்ரூக்ளினில் பிறந்தார். அப்பாவும் புகைப்படக்காரர். ராணுவத்தில் சேர்ந்து ஜெர்மனியில் இருந்துவிட்டு 1980இல் ஊர் திரும்பினார். பிறகு ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலர் வேலை, 20 வருடம். ஒரு பக்கம் சிறைக்குள் வந்து சேரும் பையன்களைப் பார்க்கிறார், வேலை முடிந்து தெருவில் அதே வயதுப் பையன்களைப் பார்க்கிறார். கையில் கேமராவோடு தான் எடுத்த படங்களின் ஆல்பம் ஒன்றும் இருக்கும். நேராகப் போய் ஆல்பத்தைக் காட்டுவார், பேச்சுக் கொடுப்பார்: என்ன படிக்கிறாய், என்ன ஆகப்போகிறாய். படம் எடுப்பது அதற்கப்புறம்தான். பிரிண்ட் போட்டுத் திரும்பக் கொடுப்பதும் உண்டு.

அந்தப் படங்களைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். கேங்கோல் தொப்பி, கசால் கண்ணாடி, பக்கத்தில் நிற்பவனின் தோளில் போட்ட கை, ஒரு காலை முன்வைத்துக் குந்தியிருக்கும் அந்த உட்காரல், நிறத்துக்கு நிறம் பொருந்தும் சட்டையும் ஷூவும். இதில் எதையும் ஷபாஸ் உடுத்திவிடவில்லை. நண்பர்கள் எப்படி வரிசையாக நிற்பார்கள், யார் நடுவில், கை எங்கே என்பதெல்லாம் அந்தத் தெருவின் வழக்கம். 'கொஞ்சம் இரு, எடுக்கிறேன்' என்றவுடன் ஒருவன் தன்னை எப்படி நிறுத்திக்கொள்கிறான் என்பதைப் பதிவு செய்ய வேறு வழி கிடையாது. ஒளிந்து நின்று எடுத்தால் அது கிடைக்கவே கிடைக்காது. 1980களின் நடுவில் கிராக் போதைப்பொருள் அந்தத் தெருக்களுக்கு வந்தது. அந்தப் படங்களில் சிரிக்கிறவர்களில் எத்தனையோ பேர் செத்தார்கள், எத்தனையோ பேர் சிறைக்குப் போனார்கள். 2001இல் ஷபாஸின் முதல் புத்தகம் வந்த பிறகு, இது என் அண்ணன், இது என் அப்பா என்று ஆட்கள் தேடி வந்திருக்கிறார்கள்.

ஜெனட் பெக்மன் பற்றி இரண்டு வரி. லண்டனில் பங்க் இசைக்காரர்களை எடுத்துக்கொண்டிருந்தவர். 1982இல் அங்கே வந்த நியூயார்க் ராப் குழுக்களைப் பார்த்துவிட்டு, அடுத்த வருடம் நியூயார்க்குக்கே குடிவந்தார். 1984இல் ரன் டி.எம்.சி. குழுவை குவீன்ஸின் ஹாலிஸில் அவர்கள் தெருவிலேயே எடுத்தார். பின்னால் பார்த்தால் மரங்கள், தனித்தனி வீடுகள், சாதாரணக் குடும்பத் தெரு. ஹிப் ஹாப் என்றாலே இடிந்த கட்டடம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்தப் படத்தை ஒரு தடவை பார்ப்பது நல்லது.

நீங்களே பார்க்க உட்கார்ந்தால் ஒரு யோசனை: அச்சில் வந்த ஒற்றைப் படத்தோடு நிறுத்தாமல், கிடைத்தால் கான்டாக்ட் ஷீட்டைப் பாருங்கள். ஒரு ரோலின் 36 படமும் வரிசையாக இருக்கும். போஸுக்கு முன்னால் தொப்பியைச் சரிசெய்வது, நடுவில் ஒருவன் சிரித்துவிடுவது, முடிந்ததும் எல்லோரும் கலைவது எல்லாம் அதில் உண்டு. கான்சோவின் ஆயிரக்கணக்கான நெகட்டிவ்கள் இப்போது கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஹிப் ஹாப் சேகரிப்பில் இருக்கின்றன, நிறையக் கணினியிலேயே பார்க்கலாம். அவை அங்கே போய்ச் சேர்ந்ததே பெரிய விஷயம். இடையில் பல வருடம் அவர் போதைப் பழக்கத்தில் விழுந்து கேமராவையும் விட்டார், படங்களையும் மறந்தார். நெகட்டிவ்களைத் தூக்கிப் போடாமல் எடுத்துவைத்திருந்தது அவருடைய அம்மா. மீண்டு வந்து ஆம்புலன்ஸ் வேலையில் சேர்ந்த மகனிடம் அவை திரும்பக் கிடைத்தபோது, தான் எதை எடுத்திருக்கிறோம் என்று அவரே அப்போதுதான் நிதானமாக உட்கார்ந்து பார்த்தார்.